அண்ணி தேர்ந்தெடுத்த படகு

என் நாத்தனாரைப் பற்றி நல்லபடியாக நாலு பக்கம் எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் அம்மா போனில், "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் இதே நாத்தனாரைப் பற்றி நான் புலம்பிய புலம்பலை எல்லாம் கேட்டவள் அவள்தான். அப்போது என் புகார் ஒன்றே ஒன்று. இந்த மனுஷி சண்டைக்கே வர மாட்டேன் என்கிறார்.

என் கணவருக்கு அவர் அக்கா, எனக்கு அண்ணி. ஐம்பதைத் தாண்டிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் கட்டிடத்திலேயே இரண்டு மாடி மேலே தனியாக இருக்கிறார். நகராட்சி நீச்சல் குளத்தில் கவுண்டர் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பார், லாக்கர் சாவி கொடுப்பார், ஈரத்தோடு திரும்பி வரும் சாவிகளைத் துடைத்து ஆணியில் மாட்டுவார். அவருடைய துணி, பை, எங்களுக்கு அவர் வாங்கி வரும் பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றிலும் குளோரின் வாசம் அடிக்கும். அது இப்போது எனக்குப் பழகிவிட்டது. இரண்டு நாள் அந்த வாசம் வராவிட்டால் மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது என் மாமனார் வீட்டு ஆட்களுக்குப் பரம்பரை வியாதி. என் வீட்டுக்காரர் ஒருமுறை கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு, பின் சீட்டில் பேசிக்கொண்டு வந்தவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. அண்ணிக்கு அந்த வியாதி முற்றிப்போன நிலை. பஸ் தன் நிறுத்தத்தைத் தாண்டினால் டிரைவரிடம் சொல்ல மாட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவார். கடைக்காரப் பெண் இவ்வளவு பெட்டியை இறக்கிக் காட்டினாளே என்பதற்காக, காலைக் கடிக்கும் செருப்பை வாங்கிக்கொண்டு வந்து அது தேய்ந்து கிழியும்வரை போட்டு நடந்தார். ஏன் அண்ணி என்று கேட்டால் ஒரே பதில். "பரவாயில்லம்மா."

நானோ, வீட்டுச் சாமான் கடை ஒன்றில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கான கவுண்டரில் நிற்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்கள் என்னிடம் வந்து, 'இது சரியில்லை, பணத்தைக் கொடு' என்று கத்துவார்கள். உலகத்தில் இத்தனை பேருக்குச் சுலபமாக வருகிற ஒரு காரியம் இந்த அம்மாளுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அவர் கடலுக்கடியில் போகக் கற்றுக்கொண்டதும் இந்த வியாதியால்தான். வாரத்தில் சில நாள் சாயங்காலம் டைவிங் பள்ளிக்காரர்கள் அந்தக் குளத்தை வாடகைக்கு எடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பது கட்டை முடி வைத்த, குரல் பெருத்த ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். ஒருநாள் ஒரு மாணவர் வரவில்லை, ஜோடிக்கு ஆள் குறைந்தது. மாஸ்டர் நேராகக் கவுண்டருக்கு வந்து, "மேடம், சும்மா ஜோடிக்கு நில்லுங்க, பத்து நிமிஷம்" என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இரவல் ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு, முதுகில் சிலிண்டரோடு என் அண்ணி தண்ணீருக்குள் இறங்கினார்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் முகமே வேறு மாதிரி இருந்தது. முகமூடி அழுத்திய தடம் நெற்றியில் அப்படியே இருந்தது.

"உள்ள போனா யாரும் பேசறதில்ல. தெரியுமா உனக்கு? வாயில குழாய் இருக்கு, பேசவே முடியாது. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நானும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. மூச்சு விட்டா போதும்" என்றார்.

அந்த வயதில் அவருக்கென்று ஒரு ஆசை பிறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பயிற்சி முடித்தார். பள்ளிக்காரர்களோடு சில முறை கடலிலும் இறங்கினார். என் வீட்டுக்காரர், "இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்?" என்று முனகினார். "உங்க வயசுக்கு நீங்க சோபாவை விட்டு எழுந்திருக்கறதில்ல, அவங்களையாவது விடுங்க" என்று நான் சொன்ன பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

பள்ளி கற்றுக்கொடுப்பதோடு சரி. அதற்குப் பிறகு கடலுக்குப் போக வேண்டுமானால் வாடகைப் படகுகளில்தான் போக வேண்டும். அண்ணி முதல் படகை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? குளத்து வாசலில் ஒருவன் விளம்பரத் தாள் நீட்டினான். அவன் மனம் நோகக் கூடாதே என்று அந்தப் படகிலேயே இடம் போட்டுவிட்டார். அதில் வந்த மற்றவர்கள் எல்லாம் பல வருஷம் மூழ்கிப் பழகினவர்கள். ஆழமான இடம் வேறு.

கீழே என்ன நடந்தது என்பதை அண்ணி எங்களிடம் சொல்லவில்லை. மாஸ்டர் அந்தப் படகுக்காரர்களிடம் விசாரித்துச் சொல்லித்தான் தெரிந்தது. புதிதாக மூழ்குகிறவர்களுக்குக் காற்று சீக்கிரம் தீரும், பயத்தில் மூச்சு அதிகமாக இழுப்பார்கள். அதனால் கூட்டிப் போகிறவர் நடுநடுவே கையால் கேட்பார், எவ்வளவு இருக்கிறது என்று. மீட்டரைப் பார்த்து விரலால் சொல்ல வேண்டும். அண்ணியின் மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து மற்றவர்கள் எல்லாம் ஒரு பெரிய ஆமையைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். ஒருவருக்குக் காற்று இல்லையென்றால் எல்லோரும் மேலே போக வேண்டும். அண்ணி, இன்னும் நிறைய இருக்கிறது என்று விரல் காட்டிவிட்டார்.

நான் இதை இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். கடலுக்கடியில், காற்று தீர்ந்துகொண்டிருக்கும்போது, ஆமை பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். கூட்டிப் போனவர் ஏதோ சந்தேகத்தில் மீட்டரைத் தானே இழுத்துப் பார்த்து, தன்னுடைய இரண்டாவது குழாயை அவர் வாயில் கொடுத்து மேலே கொண்டுவந்திருக்கிறார். படகில் ஏறியதும் அண்ணி செய்த முதல் வேலை, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டது.

அன்று மாடியேறிப் போய்க் கத்தினேன். என் வாழ்நாளில் அவரிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. "செத்துப் போயிருந்தா எங்களுக்கு யார் பதில் சொல்றது? அப்பவும் பரவாயில்லன்னு போய்ச் சேர்ந்திருப்பீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "இனிமே போகல. நீ கவலைப்படாதே" என்றார்.

அதைக் கேட்டு எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என் நிம்மதிக்காக அதையும் விட்டுவிடத் தயாராகிவிட்டார் பாருங்கள். அவர் செத்துப்போவதையும் என்னால் தாங்க முடியாது, மறுபடி அந்தக் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாலேயே முடங்கிப்போவதையும் பார்க்க முடியாது. மாஸ்டரிடமே போய் யோசனை கேட்டேன். "அவங்க நல்லாத்தான் மூழ்கறாங்க. நெஞ்சுல இருக்கறதை வெளிய சொல்ல முடியற ஒரு படகா பாருங்க. அது போதும்" என்றார்.

ஆகவே ஒரு விடுமுறை நாளில் நானும் அண்ணியும் படகுத் துறைக்குப் போனோம். கேட்க வேண்டியதையெல்லாம் மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூட்டிப் போகிற ஒரு ஆளுக்கு எத்தனை பேரை விடுவீர்கள், புதியவர்களையும் பழையவர்களையும் ஒன்றாகப் போடுவீர்களா, எல்லோரும் இறங்கிவிட்டால் படகில் யார் இருப்பார்கள், அவசரத்துக்கு ஆக்சிஜன் பெட்டி உண்டா. கடலில் கால் நனைத்ததோடு சரி நான், ஆனால் கேள்வி கேட்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

முதல் இடம் ஏசி போட்ட அலுவலகம். சுவர் முழுக்க மீன் படங்கள். சிரித்த முகமாக ஒருவர் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நான் எதைக் கேட்டாலும், "கவலையே படாதீங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார். ஒரு ஆளுக்கு எத்தனை பேர் என்றேன். கவலையே படாதீங்க என்றார். ஆக்சிஜன் என்றேன். அதற்கும் அதேதான். திரும்பிப் பார்த்தால் அண்ணி படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"காபி குடுத்துட்டாரேம்மா" என்றார் காதோரமாக.

கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டி வந்தேன்.

இரண்டாவது, துறையின் கோடியில் ஒரு சின்னப் படகு. படகுக்காரர் நல்ல மனிதர், வாய் நிறைய அம்மா என்றார். ஏணியில் ஒரு படி இல்லை. ஆக்சிஜன் பெட்டி இருந்தது, பூட்டி இருந்தது. சாவி எங்கே என்றேன். தம்பியிடம் என்றார். தம்பி எங்கே என்றேன். வெளியூர் போயிருக்கிறான் என்றார். அண்ணியிடம் எவ்வளவு பழக்கம், கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாளைக்கே வாங்கம்மா" என்றார். அண்ணி மறுபடி தலையை ஆட்ட ஆரம்பித்தார். இந்தத் தலையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது படகில் யாரும் எங்களை வரவேற்கவில்லை. வெயிலில் கறுத்த, என் அம்மா வயதிருக்கும் ஒரு பெண்மணி படகின் மேல்தட்டில் நின்று ரப்பர் உடைகளைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். அவர்தான் கேப்டன். நான் என் கேள்விகளை ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரியில் பதில் சொன்னார். நாலு பேருக்கு ஒரு ஆள். ஆக்சிஜன் பெட்டி அதோ, பூட்டு கிடையாது. படகை விட்டு நான் இறங்க மாட்டேன். பிறகு குழாயை மூடிவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"கடைசி டைவ் எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு" என்றார் அண்ணி.

"நல்லாவா? அண்ணி, நடந்ததைச் சொல்லுங்க..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், கேப்டன் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மூழ்குவீங்களா?"

"இல்ல."

"அப்ப கொஞ்சம் கரையில நில்லுங்கம்மா. அடியில இவங்க பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இறங்கிப் போய்க் கரையில் நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தேன். கேப்டன் ஒரு கேள்வி கேட்டார், அப்புறம் பேசவே இல்லை. உடைகளைப் பிழிந்து பிழிந்து கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணியும் ஒரு உடையை எடுத்துப் பிழிந்தார். அவர் வாய் அசைய ஆரம்பித்தது ரொம்ப நேரம் கழித்துத்தான். ஆரம்பித்தபின் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது, "இந்தப் படகு போதும்" என்றார். அடுத்தவர் மனம் நோகுமே என்று பார்க்காமல் அவர் எடுத்த முதல் முடிவு என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் படகில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் இப்படிச் செய்வதாக மாஸ்டர்கூடக் கேள்விப்பட்டதில்லை. போகும் இடம் வந்ததும், நிஜமாக மூழ்குவதற்கு முன்னால், படகுக்கு அடியிலேயே ஆழமில்லாத இடத்தில் எல்லோரும் இறங்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் முறைக்குக் கட்டைவிரலை மேலே காட்ட வேண்டும். 'நான் மேலே போகிறேன்' என்பதற்கு அதுதான் சைகை. யார் காட்டினாலும் அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் மேலே வர வேண்டும். பிறகு மறுபடி இறங்க வேண்டும், அடுத்தவர் காட்ட வேண்டும். எவ்வளவு பழகினவராக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

அண்ணி போன அன்று நானும் படகில் போனேன். குமட்டலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் ஒரு புதுமணத் தம்பதி, பெரிய கேமராவோடு ஒருவர், அண்ணி. கூட்டிப் போவது ஒரு அமைதியான ஆள். கேமராக்காரர் இந்த ஏற்ற இறக்கத்தை ரசிக்கவில்லை. "எத்தனை வருஷமா மூழ்கறேன், எனக்கெதுக்கு இது" என்றார். "அதனாலதான் முதல்ல நீங்க" என்றார் கேப்டன்.

கேமராக்காரர் காட்டினார், தலைகள் மேலே வந்தன. அந்தப் பெண் காட்டினாள், வந்தன. அவள் புருஷன் காட்டினான், வந்தன. அடுத்தது அண்ணி. இறங்கினார்கள். தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன, தலை ஒன்றும் வரவில்லை. நான் கேப்டனைப் பார்த்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கூட்டிப் போனவரே எல்லோரையும் மேலே கொண்டுவந்தார்.

"இவங்க காட்டல" என்றார்.

"எல்லாரும் இப்பத்தான இறங்கினாங்க..." என்றார் அண்ணி தண்ணீரில் மிதந்தபடி.

கேப்டன் குரலை உயர்த்தவில்லை. "சரி, மறுபடி இறங்குங்க. இவங்க காட்டற வரைக்கும் யாரும் மேல வரக்கூடாது. எல்லாரும் அங்கயே நிக்கட்டும். இன்னிக்குப் பூரா ஆனாலும் சரி."

எப்பேர்ப்பட்ட தந்திரம் பாருங்கள். இப்போது அண்ணி விரல் காட்டாவிட்டால்தான் நாலு பேருக்குத் தொந்தரவு. இறங்கியதுதான் தெரியும், எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். அந்தப் புதுப்பெண் சிரித்துவிட்டாள். எனக்கும் குமட்டலுக்கு நடுவே சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் பயம் போகவில்லை. இதுவும் அடுத்தவருக்காகக் காட்டிய விரல்தானே. தனக்காக என்று வந்தால் காட்டுவாரா?

நிஜமான இறக்கம் ஆரம்பித்தது. குமிழிகள் படகை விட்டுத் தள்ளிப் போயின. கேப்டன் எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியை நீட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். வருவார்கள் என்றார்.

அவர் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றேன். அண்ணிதான் முதலில் ஏணியேறினார். அவருக்குப் பின்னால் ஏறிய கேமராக்காரர் முகமூடியைக் கழற்றியதும், "கடல்குதிரை. அப்பத்தான் கேமராவைத் திறந்தேன், இவங்க விரலைக் காட்டிட்டாங்க" என்றார் பொதுவாக.

கேப்டன் அண்ணியின் மீட்டரைப் புரட்டிப் பார்த்தார். "காத்து நிறைய இருக்கே."

"இருக்கு" என்றார் அண்ணி. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். "எனக்குப் பயமா இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார், யார் திட்டப் போகிறார்கள் என்று. கேமராக்காரர் மூக்கைச் சிந்தினார். "அது அங்கயேதான் இருக்கும், எங்கயும் போகாது" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தேடினார். தம்பதி இருவரும் செல்போனில் மூழ்கிவிட்டார்கள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அண்ணி மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று தெரிந்ததும் கேப்டன், "அதெல்லாம் வேண்டாம். போய் உக்காருங்க" என்றார்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரப்பர் உடையிலிருந்து சொட்டிய தண்ணீரில் என் மடியெல்லாம் நனைந்தது. கடலைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

"அப்பா போன அன்னிக்கும் இப்படித்தான் பயமா இருந்துச்சு. வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, என் கணவருக்குப் பத்து என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யார் சமைத்தார்கள், யார் வேலைக்குப் போனார்கள் என்பதும் தெரியும். உங்களுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஈரத்தில் விறைத்திருந்த அந்தக் கையைப் பிடித்து என் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன்.

அடுத்த இறக்கத்துக்கு முன் படகில் இளைப்பாற வேண்டும் என்பது விதி. கேப்டன் வாழைப்பழச் சீப்பு ஒன்றைப் பலகையில் வைத்தார். நேரம் ஆனதும் எல்லோரும் மறுபடி சிலிண்டரை மாட்டிக்கொண்டார்கள். கேமராக்காரர் எல்லோருக்கும் முன்னால் தயாராகி, முதுகில் அத்தனை பாரத்தோடு படகின் விளிம்பில் போய் நின்றார்.

"வர்றீங்களா, இங்க இருக்கீங்களா?" என்று கேப்டன் அண்ணியைக் கேட்டார்.

"வர்றேன்" என்றார் அண்ணி. சீப்பிலிருந்து இன்னொரு பழத்தைப் பிய்த்தார். "கொஞ்சம் இருங்க, இதை முடிச்சுக்கறேன். பசிக்குது."

கேமராக்காரர் பாரத்தோடு திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்தார். புதுமணத் தம்பதியும் உட்கார்ந்தார்கள். கேப்டன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். என் அண்ணி பழத்தோலை ஒவ்வொரு பக்கமாக உரித்து, ஒரு கடி கடித்து, நன்றாக மென்று, விழுங்கி, அப்புறம் அடுத்த கடி கடித்தார். ஒரு படகே அவருக்காகக் காத்திருந்தது. அவர் அவசரப்படவே இல்லை.